கமலத்தை மறைத்த கூறை

"குனியுங்கோ! குனியுங்கோ!"

குனிகிறோம். ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. தலைக்கு மேலால் போகிறது. வயல் பக்கம் விழுகிறது. முதலில் மண் எழும்புகிறது. பிறகுதான் சத்தம். மண் முதுகில் கொட்டுகிறது. எழும்புகிறோம். தள்ளுகிறோம்.

சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்திருப்பவர் செல்லத்துரை அண்ணை. பக்கத்து வளவுக்காரர். பின் கரியரில் கமலம். என் தங்கை. சீற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறாள். விழாமல் நான் பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். நெஞ்சு தொடங்கிக் கணுக்கால் மட்டும் அவளை என் கலியாணக் கூறைச் சேலையால் சுற்றியிருக்கிறது. கடும் சிவப்பு. அகலமான சரிகைக் கரை. அவள் புருசன் செத்துப் பல வருடம். வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு நிறம் உடுத்தாதவள். தெரு முழுக்கச் சனம் ஓடுகிறது. ஓடுகிற சனமும் திரும்பிப் பார்க்கிறது.

கமலம் மெல்லக் கேட்கிறாள்.

"ஆரும் கண்டவையே, அக்கா?"

"ஒருத்தரும் காணேல்லை. நீ பேசாமல் இரு."

அது பொய். செல்லத்துரை அண்ணை கண்டவர். கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

ஆவணி மாதம். வெள்ளிக்கிழமை. காலை. வெயில் ஏறிவிட்டது. எந்த வருடம் என்று எங்கள் ஊர் நினைவு மலர் போடுகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு வருடம் நினைவில் நிற்பதில்லை. யாழ்ப்பாண ரோட்டைப் பிடிக்க ஆமி தெற்கிலிருந்து வன்னிக்குள் இறங்கிய வருடம். அது போதும். அந்தச் சனத்துக்குத் தெரியும்.

எங்கள் ஊர் நாவலடி. எல்லை ஊர். குளக்கட்டுக்கு அங்கால் இயக்கப் பெடியள் போட்ட மண் அணை. அணைக்கு அங்கால் வெளி. வெளிக்கு அங்கால் ஆமி. அணைக்கு இங்கால் நாங்கள். முதலில் ஆமி வேறு ஊர்ப் பக்கம் அடித்தான். அடி எங்கள் பக்கம் வராது என்று இருந்தோம். வந்தது. பாதிச் சனம் வடக்கே போனது. மிச்சச் சனம் வீட்டை விட்டுப் பள்ளிக்கூட வளவில் பங்கர் வெட்டி இறங்கியது. நெல் கதிர் தள்ளியிருந்தது. வெட்டிக்கொண்டு போவோம் என்று இருந்தோம்.

சத்தத்தைப் பழகினோம். ஷெல் புறப்படுகிற சத்தம் ஒன்று. பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒருவர் கதவில் குத்துவது மாதிரி. டும். பிறகு கூவல். கூவல் நீளமாக இருந்தால் எங்களுக்கில்லை. கூவல் கேட்காமல் விழுந்தால் எங்களுக்கு. பகலில் வண்டு சுற்றும். ஆளில்லாத சின்ன விமானம். அதன் இரைச்சலுக்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தோம். வண்டு போன பிறகு அடி வரும். பின்னேரம் இருளுகிற நேரத்தில் அடி கூட.

மண் மூட்டைக்கு முதலில் உரப்பை. உரப்பை முடிந்தது. செல்லத்துரை அண்ணையின் மனைவி பூமணி தையல் மெஷினைப் பங்கருக்குள் இறக்கினாள். பெண்கள் சேலை கொண்டுவந்தோம். சேலையை மடிக்கிறது. இரண்டு பக்கமும் தைக்கிறது. மண் போட்டு வாயைக் கட்டுகிறது. நூல் சேலை நன்றாக மண் தாங்கும். நைலெக்ஸ் பரவாயில்லை. பட்டு சரிவராது. வழுக்கும். தையல் பிரியும். என் வெள்ளைச் சேலை, பச்சைச் சேலை, கோயிலுக்குக் கட்டுகிற மஞ்சள், எல்லாம் பங்கருக்கு மேலே போயின. கூறை மட்டும் பெட்டியில் கிடந்தது.

அந்தக் கூறையில் எனக்குப் பெருமை இருந்தது. என் தகப்பன் ஒரு சோடி எருதை விற்று எடுத்த கூறை. ஊரில் அந்த மாதிரிக் கரை ஒருத்திக்கும் இல்லை. எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தேன். ஒவ்வொரு முறையும் அதைத்தான் முதலில் பெட்டியில் வைத்தேன்.

இனி எழுதப்போவதை மலரில் போட வேண்டாம் என்று என் மகன் சொன்னான். மற்றவர்கள் ஷெல்லைப் பற்றி எழுதுவார்கள். அணையைப் பற்றி எழுதுவார்கள். இதை ஒருவரும் எழுதமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன். கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

அணையிலிருந்து பார்வை தெரிய வேண்டும் என்று பெடியள் பற்றைகளை வெட்டினார்கள். ஈச்சம் பற்றை, சூரை, நாயுண்ணி, எல்லாம் போயின. பள்ளிக்கூட வளவைச் சுற்றி வெட்டவெளி. ஆண்களுக்குப் பெரிய கரைச்சல் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றால் முடிந்தது. பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் முதல் வாரத்திலேயே அடிபட்டுக் கிடந்தது.

பகலில் போகமாட்டோம். இருளட்டும் என்று இருப்போம். தண்ணீர் குடிக்கமாட்டோம். சோறு பாதி. பங்கருக்குள் காலை ஒடுக்கிக்கொண்டு குந்தியிருப்போம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கமாட்டோம். வயிற்று நோவு வந்தது. காய்ச்சல் வந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. இருண்டதும் கூட்டமாக வெளியின் கரைக்குப் போவோம். இருளுகிற நேரம்தான் அடி கூட என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போனோம்.

அப்படிப் போனபோதுதான் சாந்தி செத்தாள். வாசிகசாலைக்காரரின் மருமகள். கைக்குழந்தைக்காரி. எங்களோடு வந்தவள் எங்களோடு திரும்பவில்லை.

அடுத்த நாள் காலை நான் பெட்டியைத் திறந்தேன். கூறையை எடுத்தேன். பங்கருக்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டுவோம், சுற்றி இதைக் கட்டுவோம், பகலிலேயே போய் வரலாம் என்றேன். பூமணி வாயில் கை வைத்தாள். கமலம் என்னைக் கோபமாகப் பார்த்தாள். கூறையையா, இதுக்கா என்றாள். நான் கேட்கவில்லை. நாலு பனங்கம்பு நட்டுச் சுற்றிக் கட்டினோம்.

செல்லத்துரை அண்ணை வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இராசம்மா, ஆமிக்காரன் பைனாகுலர் வச்சுப் பாக்கப் போறான். நாவலடியிலை கலியாண வீடு நடக்குதெண்டு நினைக்கப் போறான்."

"நினைக்கட்டும். வந்தால் சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

"பட்டெண்டாலும் பரவாயில்லை. நாலு மூட்டை தேறும். தையல் போனால் போகுது, இரட்டையாத் தைக்கலாம்."

"உங்கடை தலைக்கு மேலை என்ரை நாலு சேலை கிடக்கு அண்ணை. இன்னும் என்ன வேணும்?"

அவர் சிரித்தார். பூமணி சிரித்தாள். கமலமும் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு பங்கர்ப் பக்கம் சிரிப்புக் கேட்டது. பிறகு அண்ணை சிரிப்பை நிறுத்திவிட்டு, உண்மையாகத்தான் சொல்கிறேன், இந்த நிறம் தூரத்துக்குத் தெரியும் என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வேறு சேலை இல்லை என்றேன். அதுவும் உண்மை. இருளும்போது கழற்றி மடித்து வைத்தேன். விடிந்ததும் கட்டினேன். பெண்கள் பகலில் போய் வந்தோம். தண்ணீர் குடித்தோம். நான் செய்த பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளி. விடியவே அணைப் பக்கம் புதுச் சத்தம். இரும்புச் சங்கிலியைக் கல்லில் இழுக்கிற சத்தம். டாங்கி. துவக்குச் சத்தம் இடைவெளி விடாமல். பிறகு ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு போனான்.

"அணையை உடைச்சிட்டான்! வெளிக்கிடுங்கோ! வெளிக்கிடுங்கோ!"

எல்லாரும் கட்டினோம். பானை. பாய். அரிசி. பூமணி மெஷினை விட்டு வரமாட்டேன் என்று அழுதாள். கமலம் என் காதருகே வந்தாள். ரோட்டில் இறங்கினால் சனத்துக்குள்ளே எங்கே போகிறது, ஒருக்கால் போய்விட்டு வருகிறேன் என்றாள். எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்வாள். கெதியாய்ப் போ என்றேன். போனாள்.

கூவல் கேட்கவில்லை.

தரை தூக்கிப் போட்டது. காது அடைத்தது. எழும்பிப் பார்த்தேன். மூன்று கம்பு விழுந்து கிடந்தன. ஒரு கம்பில் கூறை தொங்கிக்கொண்டிருந்தது. ஓடினேன்.

கமலம் பக்கவாட்டில் கிடந்தாள். உடுப்பு இடுப்புக்கு மேலே. இரண்டு தொடையும் வெளியே. இடது தொடையின் உட்பக்கம் கிழிந்திருந்தது. இரத்தம் துள்ளித் துள்ளி வந்தது. கண் திறந்திருந்தது. கையால் உடுப்பை இழுக்கப் பார்க்கிறாள். கை எட்டவில்லை.

செல்லத்துரை அண்ணை ஓடி வருகிறார். தோளிலிருந்த துவாயை உருவி, ஓடியபடியே முறுக்கிக்கொண்டு வருகிறார். கையில் ஒரு தடி. ஊரில் எல்லாருக்கும் முதலுதவி படிப்பித்திருந்தார்கள். தொடையில் பட்டால் காயத்துக்கு மேலே கட்டு. தடி செருகி முறுக்கு. இரத்தம் நிற்கும் மட்டும் முறுக்கு. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேப்பமரத்துக்குக் கீழே முன் வரிசையில் குந்தியிருந்து படித்தவள் நான்.

நான் கத்தினேன்.

"வராதையுங்கோ அண்ணை! அங்கை நில்லுங்கோ!"

அவர் நின்றார். முகத்தைத் திருப்பினார். முறுக்கிய துவாயைப் பிடித்தபடி நின்றார். வெட்டவெளியில். ஷெல் விழுகிறது. அந்த மனுசன் அசையவில்லை. நான் வரச்சொல்லும் மட்டும் நின்றார்.

நான் முதலில் செய்தது அவளுடைய உடுப்பைக் கீழே இழுத்தது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க முன்னம். காயத்தில் கை வைக்க முன்னம். இழுத்து மூடினேன். பிறகு கம்பிலிருந்து கூறையை உருவினேன். சுற்றினேன். நன்றாக இறுக்கித்தான் சுற்றினேன். சுற்றி முடித்து, இப்போது வாருங்கள் என்றேன்.

ரோட்டில் அவர் திரும்பாமலே கேட்டார்.

"கட்டினனீங்களே, இராசம்மா?"

"ஓம். இறுக்கிச் சுத்தியிருக்கிறன்."

"இரத்தம்?"

"காணேல்லை."

காணவில்லைதான். குனிந்து குனிந்து பார்த்தேன். சிவப்பில் என்ன தெரியும்? வெள்ளைச் சேலையாக இருந்திருந்தால் முதல் சந்தியிலேயே தெரிந்திருக்கும். அவளுடைய வெள்ளைகளெல்லாம் மண் மூட்டை. போகப்போகக் கமலம் கனத்தாள். களைப்பில் சரிகிறாள், அதுதான் கனக்கிறாள் என்று நினைத்தேன். பட்டு நனைந்தால் கனக்கும் என்று அந்த நேரம் நினைக்கத் தோன்றவில்லை.

ரோட்டு மதகில் மறுபடி அடி. சனம் படுத்தது. சைக்கிளைச் சரிக்க ஏலாது. அண்ணை சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நான் அவளை மூடிக்கொண்டு நின்றேன். "படுங்கோ! படுங்கோ!" என்று சனம் கத்தியது. நாங்கள் படுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. எனக்கு உயிர்ப் பயம் இருக்கவில்லை. வேறு பயம்தான் இருந்தது. கூறை விலகிவிடக்கூடாது என்ற பயம்.

மாந்தோப்பில் காயக்காரருக்கு மருந்து கட்டுகிற இடம். தறப்பாள் விரித்திருந்தது. மருத்துவப் பெடியன் ஒருவன். மீசை கறுக்காத முகம். கமலத்தை இறக்கிக் கிடத்தினோம். அவன் கூறையில் கை வைத்தான். உள்ளங்கையைப் பார்த்தான். கத்தரிக்கோலை எடுத்தான். கமலம் கரையை இறுக்கிப் பிடித்தபடி கேட்டாள்.

"பொம்பிளைப் பிள்ளையள் ஒருத்தரும் இல்லையே?"

"இல்லை அம்மா. எல்லாரும் முன்னுக்குப் போயிட்டினம். கையை விடுங்கோ."

அவள் விடவில்லை. அந்த நிலையிலும் அந்தப் பிடி. விரலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. பெடியன் குனிந்து அவள் காதில் சொன்னான். "உங்கடை மகன் எண்டு நினையுங்கோ அம்மா." கமலத்துக்கு ஒரே மகன். குகன். ஜெர்மனியில். அவள் அந்தப் பெடியன் முகத்தைப் பார்த்தாள். விட்டாள்.

அவன் கூறையை வெட்டி விரித்தான். உள்ளே எல்லாம் இரத்தம். தறப்பாளில் வடிந்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏனம்மா மேலை கட்டேல்லை?"

அதட்டிக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டான். செல்லத்துரை அண்ணை நிலத்தைப் பார்த்தார். முறுக்கிய துவாய் இன்னும் அவர் தோளில் கிடந்தது. பெடியன் கட்டினான். முறுக்கினான். கட்டுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. வெயில் தலைக்கு மேலே வர முன்னம் கமலம் போய்விட்டாள்.

அந்தத் தோப்பிலேயே தாட்டோம். எரிக்க நேரமில்லை. புகைக்கு அடி வரும். வெட்டின கூறையோடே தாட்டோம். விதவையைக் கூறையோடு அனுப்புகிறீர்களோ என்று வழியில் நின்ற ஒரு கிழவி கேட்டாள். நாங்கள் மண்ணைத் தள்ளினோம்.

பல மாதத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு வந்தோம். முகாம். அங்கே ஒரு தொலைபேசிக் கடை. பின்னால் வரிசையில் சனம். நம்பரைச் சுழற்றிக் கொடுத்தார்கள். குகன் அழுதான். அழுதுவிட்டுக் கேட்டான், அம்மா எங்கே நின்றவ, எப்படி நடந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் அவ்வளவு சனம். எல்லாரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். செல்லத்துரை அண்ணை என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார்.

"அடுப்படியிலை தம்பி. சமைச்சுக்கொண்டு நிண்டவ. ஒண்டும் அறியேல்லை. உடனை போயிட்டா."

என்னை அந்த இடத்தில் காப்பாற்றினார். கமலத்தின் மானத்தையும் காப்பாற்றினார். நன்றியோடு அவரைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அந்த வெள்ளிக்குப் பிறகு அவர் என் முகத்தை நேரே பார்த்ததே இல்லை.

குகன் தாய்க்குக் கல்வெட்டு, நினைவுப் புத்தகம், அடித்தான். நல்ல வழுவழுப்பான தாள். முன் பக்கத்தில் அவளுடைய படம். உள்ளே, அடுப்படியில் அன்னமிட்ட கையோடு அமரரானார் என்று பாட்டு. இங்கே ஹம்பேர்க்கில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனத்தின் வீடுகளிலெல்லாம் அந்தப் புத்தகம் இருக்கிறது.

பிறகு என் மகன் என்னை இங்கே கூப்பிட்டான். குகனும் இதே கட்டிடத்தில்தான். ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் சமையல். ஒவ்வொரு திவசத்துக்கும் லீவு எடுப்பான். விடியவே குளித்துவிட்டு அடுப்பைக் கும்பிட்டு விளக்கேற்றுவான். சாமி அறையில் ஏற்றமாட்டான். அம்மா போன இடம் அடுப்படி என்பான். என்னைப் பக்கத்தில் இருத்துவான். கமலம் வைத்த மாதிரியே வைப்பான். கத்தரிக்காய்ப் பால்கறி. முருங்கையிலை. உப்புப் பார்க்கச் சொல்லி என் கையில் விடுவான்.

போன திவசத்தில் கேட்டான்.

"பெரியம்மா, அண்டைக்கு அம்மா என்ன சமைச்சவ? அதையே வைப்பம் எண்டு நினைக்கிறன்."

நான் மறந்துபோனேன் என்றேன். நீங்கள் ஒன்றையும் மறக்காத ஆள் ஆச்சே என்றான். விடவில்லை. சரி, கஞ்சியாகத்தான் இருந்திருக்கும் என்று அவனே சொன்னான். கஞ்சி காய்ச்சினான். படைத்தான். எனக்கும் ஒரு கோப்பை தந்தான். குடித்தேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். குடித்தேன்.

இந்த மாரி. கண் டொக்டரைக் காண ரேர்மின், நேரம் குறித்துத் தந்திருந்தார்கள். குகன்தான் கூட்டிக்கொண்டு போனான். ரெயில் நிலையத்தில் நின்றோம். பனி உருகிய ஈரம். ஒரு ஜெர்மன் மனுசி, என் வயதிருக்கும், படியில் வழுக்கி விழுந்தாள். கையில் கண்ணாடிச் சாமான் வைத்திருந்திருக்கிறாள். உடைந்து தொடையில் ஏறிவிட்டது. இரத்தம். அம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். இரண்டு பெடியள். ஒருவன் கத்தரிக்கோலை எடுத்தான். கணுக்காலில் தொடங்கி இடுப்பு மட்டும் அவளுடைய காற்சட்டையை ஒரே வெட்டாக வெட்டினான். வெள்ளைத் தொடை. அத்தனை சனம் நிற்கிறது. மற்றவன் மேலே ஒரு பட்டியைப் போட்டு இழுத்தான். இரத்தம் நின்றது. கண்ணுக்கு முன்னால் நின்றது. மனுசி அவனோடு ஏதோ பகிடி கதைத்தாள். அவன் சிரித்தான். தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. ஒருவரும் முறைத்துப் பார்க்கவுமில்லை.

அவ்வளவுதான். அவ்வளவுதான் செய்யக் கிடந்தது.

பக்கத்தில் கிடந்த வாங்கில் குந்தினேன். என்ன பெரியம்மா, தலைச்சுற்றா என்று குகன் கேட்டான். தண்ணீர் வாங்கித் தந்தான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாய்தான் அன்றைக்கு வெளியில் அவ்வளவு பலமாகக் கத்தியது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருக்கும். பிழையோடே போடுங்கள். மலர் குகன் வீட்டுக்கும் வரும். அவன் வாசிப்பான்.

அந்த நாவலடியில் போனவர்களைச் சொல்லி முடிக்கிறேன்.

சாந்தி. இருளுகிற நேரம் ஒதுங்கப் போனவள். அவளுடைய குழந்தை பிழைத்தது.

வாசிகசாலைக்காரர். மருமகளை எடுத்து வரப் போனவர்.

இளையதம்பியும் பெண்சாதியும். ஒரே பங்கருக்குள்.

மதகடியில் கிடந்த ஒரு மனுசன். எந்த ஊர் என்று தெரியாது. நீலச் சறம் உடுத்திருந்தார்.

அணையில் நின்ற பெடியள். எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். சொந்தப் பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது.

செல்லத்துரை அண்ணை. முகாமில் காய்ச்சல். அந்த வெள்ளியைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

பூமணியின் மெஷின். பங்கருக்குள்.

வெட்டாத நெல். அவிழ்த்துவிட்டு வந்த மாடுகள். என் சேலைகள், கமலத்தின் சேலைகள், ஊர்ப் பெண்களின் சேலைகள் எல்லாம் மண்ணோடு.

ஒரு கூறை.

கமலம். என் தங்கை. என்னை விட நாலு வயது இளையவள். உடனே போகவில்லை. ரோடு முழுக்க உயிரோடு இருந்தாள், கதைத்தாள். ஒதுங்கப் போன இடத்தில் அடிபட்டாள். கட்டியிருந்தால் இருந்திருப்பாள். நான் மூடினேன்.

அன்றைக்கு அவள் ஒன்றும் சமைக்கவில்லை, குகன். அடுப்பே மூட்டவில்லை.